பாம்பும் நீங்களும் நேருக்கு நேர் நின்றபோது

நீலாம்பல்:

பாம்பைப் பற்றிக் கேள்விப்பட்ட கதைகள் எல்லாரிடமும் மூட்டை மூட்டையாக இருக்கும். அவை வேண்டாம். நீங்களே கண்ணால் பார்த்தது, அப்போது பாம்பு என்ன செய்தது, அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் குழாயை இழுத்தபோது அது செங்கல் குவியலில் உரசியது. அடுத்த நொடி அங்கிருந்து ஒரு நல்ல பாம்பு எழுந்து படம் எடுத்தது. கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கால் நகரவில்லை, அவ்வளவுதான். அது குழாயின் பக்கம் பாய்ந்தது. மறுபடியும் பாய்ந்தது. ஆனால் வாயைத் திறக்கவே இல்லை, மூடிய வாயோடு சும்மா முட்டியது. கையிலிருந்த குழாய் நழுவிக் கீழே விழுந்தது. அது அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் படம் மெல்லச் சுருங்கியது. அப்புறம் வேலியோரமாகப் போய்விட்டது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கடித்திருக்கலாம். ஏன் கடிக்கவில்லை?

கொக்கிக்கம்பி:

நீங்கள் பார்த்தது பொய்த் தாக்குதல். நல்ல பாம்பு இதை அடிக்கடி செய்யும். "கிட்ட வராதே" என்று சொல்வதற்கு அதனிடம் இருப்பது படமும் சீறலும் இந்த முட்டலும்தான். நஞ்சு அதற்கு இரை பிடிக்கும் கருவி. அதைச் சுரக்க உடம்பு செலவழிக்க வேண்டும், தீர்ந்தால் மறுபடி ஊற நாளாகும். உங்களை விழுங்கப் போவதில்லை என்று அதற்குத் தெரியும். பிறகு எதற்காக வீணாக்க வேண்டும்? முதலில் ஒளிந்துகொள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் ஓடப் பார்க்கும், அதுவும் முடியாவிட்டால் மிரட்டும். இதெல்லாம் நடக்காதபோதுதான் கடி. மிதித்துவிட்டால் இந்த வரிசைக்கெல்லாம் நேரம் கிடையாது, நேராகக் கடிதான்.

நான் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அனுமதியோடு வீடுகளிலிருந்து பாம்புகளை மீட்டுக் காட்டில் விடுகிறவன். என் அனுபவத்தில் எல்லாரையும் ஏமாற்றுவது ஒன்றுண்டு: பாம்பின் குணத்துக்கும் நஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. என் கையில் இருக்கிற பல் தடங்கள் எல்லாம் தண்ணீர்ப் பாம்பு போட்டவை. அதற்கு நஞ்சு கிடையாது, ஆனால் முன்கோபி. கழுத்தைத் தட்டையாக்கிக்கொண்டு எழும், பார்க்கிறவர்கள் நல்ல பாம்பு என்று அலறுவார்கள். தொட்டால் போதும், பிடித்துக் கடித்து ரத்தம் வரவைத்துவிடும். கடித்தது தண்ணீர்ப் பாம்புதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிவதால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். உங்களுக்கு அந்த உறுதி இருக்காது, நீங்கள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சாரையும் மாட்டிக்கொண்டால் நன்றாகவே கடிக்கும், அதற்கும் மனிதரைப் பாதிக்கிற நஞ்சு இல்லை.

இப்போது கட்டுவிரியனைப் பாருங்கள். பகலில் பழைய துணி மூட்டைக்குள்ளோ செங்கல் இடுக்கிலோ கிடக்கும். கிளறினால் சுருண்டுகொண்டு தலையை உடம்புக்கு அடியில் மறைத்துக்கொள்ளும். கொக்கியால் தொட்டால் ஒருமுறை துள்ளிவிட்டு மறுபடி சுருளும். பார்க்கப் பாவமாக இருக்கும். தெரியாத ஒருவர் "பாவம், குட்டிப் பாம்பு" என்று கையில் எடுத்துவிடுவார். அதன் நஞ்சோ நல்ல பாம்பின் நஞ்சைவிடக் கடுமையானது. கடல் பாம்புகளும் இதே ரகம். மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து வீசும்போதும் பெரும்பாலும் கடிக்காமல் போய்விடும், ஆனால் கடித்தால் உயிருக்கே ஆபத்து.

கண்ணாடி விரியன் இன்னொரு தினுசு. அது ஓடாது. காய்ந்த சருகுக்குள் தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும். கிட்டே போனால் குக்கர் விசில் அடித்தது போல ஒரு சத்தம், அது நின்று நிதானமாக நீளும். சோம்பேறித்தனமாகக் கிடப்பதையும் தடித்த உடம்பையும் பார்த்து மலைப்பாம்புக் குட்டி என்று தூக்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. சத்தம் கேட்டால் வந்த வழியே பின்னால் போங்கள். படம் பிடிக்கிறேன் என்று குனியாதீர்கள்.

மரநிழல்:

எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் ஒரு கொம்பேறி மூக்கன் குடியிருந்தது. ஒல்லியாக, முதுகு முழுக்க வெண்கல நிறத்தில், ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவும் அழகே தனி. பாட்டி அந்த மரத்துப் பக்கமே போக மாட்டார். அது கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவனை எரிக்கிற புகை வருகிறதா என்று பார்க்குமாம்!

நாங்கள் பார்த்தவரை அது மரத்தில் ஏறிப் பார்த்ததெல்லாம் பல்லியையும் ஓணானையும்தான். நஞ்சே இல்லாத பாம்பு. மரத்தில் வாழ்கிற பாம்பு மரத்தில் ஏறாமல் வேறு எங்கே ஏறும்? பாட்டியிடம் இதைச் சொன்னேன். "உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றுவிட்டார்.

இரவுப்பணி:

இங்கே எழுதியிருப்பதை எல்லாம் ரசித்துத்தான் படித்தேன். ஆனாலும் கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. நான் அவசரப் பிரிவில் செவிலியர். நான் பாம்பைப் பார்ப்பதில்லை, பாம்பு போன பிறகு மிச்சமிருப்பதைப் பார்க்கிறேன்.

விடியற்காலையில் ஒருவரைக் கொண்டுவருவார்கள். "வயிறு வலிக்கிறது, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல" என்பார்கள். உடம்பில் காயம் தேடினாலும் தெரியாது. கண் இமை மட்டும் பாதி இறங்கியிருக்கும், தூக்கக் கலக்கம் என்று நினைக்கத் தோன்றும். கேட்டால் ராத்திரி தரையில் படுத்திருந்தார் என்பார்கள். அதைக் கேட்டதும் எங்களுக்கு மூச்சு ஒருகணம் நிற்கும். கட்டுவிரியன். கடி வலிக்காது, பல்லின் தடமும் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறும், விழுங்க முடியாது, அப்புறம் மூச்சுவிடும் தசைகளே நின்றுவிடும். நேரத்துக்கு வந்தால் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். என் கண் முன்னால் எழுந்து நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். வர முடியாமல் போனவர்களும் உண்டு.

பாம்பு வேண்டுமென்றே கடித்தது என்று நான் சொல்லவில்லை. எலியைத் தேடி வந்திருக்கும், இவர் புரண்டு படுத்திருப்பார். ஆனால் அது அமைதியாக வந்து அமைதியாகப் போவதுதான் இங்கே சிக்கலே. உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக் கடியால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கை, கால் இழந்தவர்களும் வேறு ஊனத்தோடு வாழ்கிறவர்களும் அதைப் போல மூன்று மடங்கு. 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்கிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள். பாம்பு சாதுவானது என்று எழுதும்போது இவர்களையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. அதைத் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கொக்கிக்கம்பி:

இரவுப்பணி சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். நான் எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பகலில் தலையை மறைத்துக்கொண்டு சுருளும் பாம்பும் ராத்திரி உங்களைக் கடிக்கும் பாம்பும் ஒன்றேதான். ராத்திரி அதற்கு விறுவிறுப்பு வந்துவிடும், குணமே மாறிவிடும்.

வரப்போரம்:

அப்பா காலத்திலிருந்து எங்கள் வயலில் சாரைகளை யாரும் அடிப்பதில்லை. எலி வளைக்குள் நுழைந்து எலியைப் பிடிக்க வேறு எந்தப் பிராணியால் முடியும்? பூனையால் வளைக்குள் போக முடியாது.

ஒரு நாள் காலையில் இரண்டு சாரைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஆள் இடுப்பு உயரம் எழுந்து நின்றன. விழும், மறுபடி எழும், ஒன்று மற்றதன் தலையைக் கீழே அழுத்தும். வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். சாரையும் நல்ல பாம்பும் இணைகின்றன, பார்ப்பது பாக்கியம் என்று ஒருவர் சொன்னார். இணைகிறபோது பார்த்தால் ஆகாது என்று இன்னொருவர். எனக்கு அப்போதே சந்தேகம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இரண்டுமே ஆண் சாரைகள். நடந்தது மல்யுத்தம். எது பலசாலி என்று தீர்த்துக்கொள்கின்றன. கடித்துக்கொள்வதில்லை, தோற்றது விலகிப் போய்விடும். சாரையும் நல்ல பாம்பும் இணையவே இணையாது. வேறு வேறு குடும்பம், நல்ல பாம்பு சாரையைப் பிடித்துத் தின்னவும் தின்னும்.

அப்புறம் இந்தத் "துரத்துகிறது" கதை. மண்வெட்டியோடு வரப்பில் நின்றபோது ஒரு பெரிய சாரை என்னை நோக்கி நேராக வந்தது. நான் ஒதுங்கினேன். அது என்னைக் கடந்து, எனக்குப் பின்னால் இருந்த பொந்துக்குள் நுழைந்தது. அவ்வளவுதான், நான் அதன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். நான் மட்டும் ஓடியிருந்தால் இன்றைக்கு வரைக்கும் துரத்தியது என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

நுண்வில்லை:

படம் எடுப்பது என் தொழில். (பாம்பு எடுப்பதல்ல, கேமராவில்!) மலைப்பாதை ஒன்றின் ஓரத்தில், இடுப்பு உயரச் செடியில் ஒரு மூங்கில் விரியன் உட்கார்ந்திருந்தது. பச்சை இலைக்குள் பச்சை உடம்பு. அந்தப் பாதையில் நாள் முழுக்க ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கைகளை வீசிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, சிலர் அந்தச் செடியையே உரசிக்கொண்டு. ஒருவருக்கும் தெரியாது. அது ஒருவரையும் கொத்தவில்லை. மறுநாள் போனேன், அதே கிளை, அதே சுருள். பதுங்கி இரை பிடிக்கும் பாம்புகள் இப்படி நாள் கணக்கில் ஒரே இடத்தில் காத்துக் கிடக்கும். ஒரு தவளைக்காக அத்தனை பொறுமை. அந்தச் செடி இருந்த பக்கம் ஆட்கள் போகாதபடி ஒரு கிளையை வெட்டி வைத்துவிட்டு வந்தேன், அது வேறு விஷயம்.

பச்சைப் பாம்பைக் கண்கொத்திப் பாம்பு என்று சொல்லிச் சொல்லியே அடித்துக் கொல்கிறோம். கூரான மூக்கு, படுக்கைவாட்டில் கோடு போட்ட கண்மணி, அது இரண்டு கண்ணாலும் நம்மையே உற்றுப் பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் தூரத்தைக் கணிக்கத்தான் அந்தக் கண்ணும் அந்த மூக்கும். கண்ணைத் தேடிக் கொத்தும் பழக்கம் எதுவும் கிடையாது. மிரண்டால் உடம்பை உப்ப வைக்கும், செதிலுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகத் தெரியும், வாயைப் பிளந்து காட்டும். அதுவே படத்துக்கு நல்ல தருணம் என்று சிலர் வேண்டுமென்றே சீண்டுகிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே பிடிக்காது. அது கடித்தால் லேசாக வீங்கும், கொஞ்சம் வலிக்கும். கடிக்க வைத்தவருக்கு அது போதாது என்பேன்.

நீலாம்பல் கேட்ட கேள்விக்கு ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் காட்டன்மௌத் என்ற நஞ்சுள்ள குழிவிரியனுக்கு "ஆளைப் பார்த்தால் மேலே விழுந்து கடிக்கும்" என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் காட்டில் அவற்றின் பக்கத்தில் பூட்ஸ் காலோடு நின்று பார்த்தார்கள், மிதித்துப் பார்த்தார்கள், செயற்கைக் கையால் தூக்கியும் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. பல பாம்புகள் ஓடப் பார்த்தன, பல வாயைத் திறந்து மிரட்டின. தூக்கியபோதுகூடக் கடித்தவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

கரும்பலகை:

விலங்கியல் ஆசிரியை. வகுப்பில் பாம்பு என்று ஆரம்பித்தால் பாடம் நின்றுவிடும், கேள்விகள் மட்டும் வரும். எப்போதும் வருகிறவை மூன்று.

பால் குடிக்குமா? ஊர்வனவற்றுக்குப் பால் செரிக்காது. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பின் முன் எந்தத் திரவத்தை வைத்தாலும் வாயை வைக்கும், தாகம். மாட்டின் மடியில் உறிஞ்சும் என்பதும் நடக்காத காரியம். உறிஞ்ச உதடும் கன்னமும் வேண்டும், அதன் வாயில் இருப்பதோ உள்நோக்கி வளைந்த பற்கள். மாடு சும்மா நிற்குமா?

மகுடிக்கு ஆடுமா? அது பார்ப்பது குழலின் அசைவை. அசைகிற பொருள் தாக்க வருமோ என்று படத்தைத் திருப்பித் திருப்பிக் கவனிக்கிறது. அதற்காகப் பாம்பு முழுச் செவிடு என்றும் சொல்ல முடியாது. வெளிக்காது இல்லை, ஆனால் தாடை எலும்பு வழியாக நில அதிர்வும் காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் உள்காதை எட்டுகின்றன.

பழி வாங்குமா? இந்தக் கேள்வியைப் பெரியவர்களே அதிகம் கேட்கிறார்கள். "ஒன்றை அடித்தோம், மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று வந்ததே டீச்சர்?" வரும். அந்த இடத்தில் எலி இருக்கிறது, ஒதுங்க இடுக்கு இருக்கிறது. இனப்பெருக்கக் காலமாக இருந்தால், ஆண் பாம்பு பெண்ணின் வாசனைத் தடத்தைப் பிடித்தே வரும். உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு தேடி வரவில்லை.

நான் நேரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா? பள்ளித் தோட்டத்தில் ஒரு சாரை, இரண்டு கண்ணும் நீலம் பூத்துப் போய் உட்கார்ந்திருந்தது. கண் தெரியாத கிழட்டுப் பாம்பு என்று பிள்ளைகள் பரிதாபப்பட்டார்கள். அது சட்டை உரிக்கப் போகிற பாம்பு. பாம்புக்கு இமை இல்லை, கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு செதில் உண்டு. உரிப்பதற்கு முன் அதுவும் மங்கிவிடும். அந்த நாட்களில் பார்வை சரியில்லாததால் எதற்கெடுத்தாலும் மிரளும், சாதுவான பாம்பும் சிடுசிடுக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்தேன். சில நாள் கழித்துக் கண் செதிலோடு சேர்ந்த முழுச் சட்டை செம்பருத்திச் செடியடியில் கிடந்தது. இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது.

பாம்புக்குப் பாசம் கிடையாது என்று நினைப்பவர்களுக்கு: பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். பெண் ராஜநாகம் சருகைக் கூட்டிக் கூடு கட்டிக் காவல் இருக்கும், இப்படிக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டும்தான். வட அமெரிக்காவில் வாழும் கார்ட்டர் பாம்புகள் கூட்டத்தில் தமக்குப் பிடித்த சில பாம்புகளோடு திரும்பத் திரும்பச் சேர்வதை 2020-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. இதைப் பாசம் என்பதா என்று என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்டார்கள், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கதவிடுக்கு:

எல்லாரும் நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் குளியலறையில் இப்போது ஒரு பாம்பு இருக்கிறது! கறுப்பு கலந்த பழுப்பு, மேலே வெள்ளைப் பட்டைகள், முழ நீளம்கூட இருக்காது. வாளிக்குப் பின்னால் போய்விட்டது. கட்டுவிரியனா? யாராவது சொல்லுங்கள்.

கொக்கிக்கம்பி:

பட்டை கழுத்திலிருந்தே தொடங்கி வால் பக்கம் மங்கினால் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம். கழுத்துப் பக்கம் வெறுமையாக இருந்து பின்னால் போகப் போகப் பட்டை தெளிவானால் கட்டுவிரியனாக இருக்கலாம். ஆனால் நீங்கள் இதைப் பார்க்கக் குனிய வேண்டாம், குட்டிகளில் இந்த அடையாளமும் ஏமாற்றும். கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக் கீழ் இடுக்கில் துணியைத் திணியுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், பினாயிலும் வேண்டாம், எரிச்சலில் வெளியே பாயும். பூண்டு, கந்தகம் எதற்கும் அது போகாது. உங்கள் பகுதி வனத்துறைக்கோ மீட்பவருக்கோ அழையுங்கள்.

கதவிடுக்கு:

அழைத்துவிட்டேன். வந்துகொண்டிருக்கிறாராம். மாமியார் துடைப்பத்தோடு நிற்கிறார், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

இரவுப்பணி:

குழந்தைகள் யாராவது அதைத் தொட்டார்களா? அதை முதலில் உறுதி செய்யுங்கள்.

கதவிடுக்கு:

இல்லை, நான்தான் முதலில் உள்ளே போனேன். விளக்கைப் போட்டதும் தெரிந்துவிட்டது.

கதவிடுக்கு:

பிடித்தாயிற்று. ஓநாய்ப் பாம்புதானாம், பல்லி தின்ன வந்திருக்கிறது. பைக்குள் போடும்போது அவர் விரலைக் கடித்துவிட்டது. "கட்டுவிரியன் குட்டி என்றால் இவ்வளவு கோபம் வராதுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போயிருக்கிறார்.